பின்பக்கக் கண்ணாடி

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார முடிந்த அன்று சண்முகவள்ளி முதலில் போய் நின்றது மீன்தொட்டியின் முன்னால்தான். அவள் படுத்துக் கிடந்த நாட்களில் யாரும் அதைத் தொடவில்லை. முன்பக்கக் கண்ணாடி முழுக்கப் பாசி படர்ந்து, பச்சைத் துணியை இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. உள்ளே மீன் இருக்கிறதா செத்துவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை. காற்று மோட்டார் மட்டும் புட்டிக்குள் அடைபட்ட வண்டுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மூங்கில் குச்சியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். பாசி தோலாக உரிந்து மணலில் விழுந்தது. உரிந்த இடத்தின் வழியாக எட்டிப் பார்த்தாள். தங்கமீன்கள் உயிரோடுதான் இருந்தன. அவற்றுக்கும் அப்பால், தொட்டியின் அந்தக் கோடியில், பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது.

அதில் ஒரு பொட்டுப் பாசிகூட இல்லை.

அது சாதாரண மீன்தொட்டி இல்லை. வீட்டுக்காரர் சூசைராஜ், சுருட்டு வியாபாரம் ஓகோவென்று நடந்த காலத்தில் ஆசைப்பட்டுக் கட்டியது. கூடத்துக்கும் அதன் பின்னாலிருந்த அறைக்கும் நடுவே இரண்டடிக் கனத்தில் பழைய செங்கல் சுவர். அந்தச் சுவரை இடுப்பு உயரத்தில் குடைந்து, நீளமான சிமெண்டுத் தொட்டி ஒன்றை அதற்குள் நுழைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு முனை கூடத்தில் துருத்திக்கொண்டிருக்கும், மறுமுனை பின்னறையில். இரண்டு முனையிலும் கண்ணாடி; இரண்டு முனையிலும் மேலே திறந்து மூடப் பலகை. ஒரு ஆள் உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். கூடத்துப் பக்கம் பலகையைத் திறந்து கையை விட்டால் முதலில் வடிகட்டிப் பெட்டி தட்டுப்படும். அதைத் தாண்டினால் சுவரின் அடிப்பாகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இறங்கியிருக்கும். கை அந்தக் கோடிவரை எட்டாது, குச்சியைச் சாய்த்தாலும் இடிக்கும். பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டுமென்றால் பின்னறைக்குள் போய், அந்தப் பக்கத்துப் பலகையைத் திறந்துதான் துடைக்க வேண்டும்.

பின்னறை பூட்டிக் கிடந்தது. சாவி சென்னையில், சூசைராஜிடம்.

மகள் வீட்டோடு போய் இருப்பதற்காகச் சென்னைக்குக் கிளம்பியபோது அவர்தான் வள்ளிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். "மீனை வளக்கிறது பெரிய வித்தையில்லம்மா. தண்ணியத்தான் வளக்கணும்" என்றார். பெட்டியின் அடியில் கூழாங்கல், அதன்மேல் கழுவிய சிரட்டைக் கரி, அதற்கும் மேல் பஞ்சு. மோட்டார் காற்றை ஊதும்போது தண்ணீர் பஞ்சு வழியாக இறங்கி, கரியில் வடிந்து, குழாய் வழியாக மேலே வந்துவிடும். அழுக்கெல்லாம் பஞ்சில் நிற்கும். "வாரத்துக்கு ஒருக்கா பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணியிலயே அலசிப் பிழிஞ்சு வச்சிரு. குழாய்த் தண்ணியில அலசிராத, மருந்து வாடை பட்டா மீனு மல்லாந்துரும். புதுத் தண்ணிய மண்பானையில ஒரு ராத்திரி வச்சிருந்து ஊத்து. பித்தளை, செம்பு எதுவும் ஆவாது."

"பின்னாடி இருக்கிற கண்ணாடிய எப்படிங்க தொடைக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

"அதப் பத்தி நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

இருட்டறைக்குள் கிடக்கும் கண்ணாடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் சொன்னதாகத்தான் அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்டாள்.

பாசி துடைத்த அன்று மாலை, கணவன் நல்லுசாமி வேலை விட்டு வந்ததும் அதைச் சொன்னாள். அவன் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஸ்டோர் பார்ப்பவன். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை சட்டையோடு சேர்ந்தே வீட்டுக்குள் நுழையும். சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தான்.

"வெயிலு படாத எடத்துல பாசி எப்படிப் புள்ள புடிக்கும்? இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?"

அட, ஆமாம் என்று அவளுக்கும் பட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.

நல்லுசாமி கெட்டவன் இல்லை. சம்பளத்தன்று மல்லிகைப்பூ வாங்கி வருவான். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் அவனே கஞ்சி வைத்துத் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டுத்தான் போனான். ஆனால் போகும்போது வெளியே இருந்து பூட்டிவிட்டுப் போவான். கல்யாணமாகிக் கீரனூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான். வாசல் கதவுக்கு ஒரு பூட்டு, கொல்லைக் கதவுக்கு ஒரு பூட்டு. திண்டுக்கல் பூட்டு, பனங்காய் கனம். இரண்டு சாவியும் அவன் அரைஞாணில் தொங்கும். "திருட்டுப்பய ஊரு" என்று காரணம் சொன்னான். அவனுடைய அண்ணன் பெண்டாட்டி ஒருநாள் மத்தியானம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வெளியே போனவள் திரும்பவே இல்லை என்பதை வேறொருவர் சொல்லித்தான் வள்ளி தெரிந்துகொண்டாள். அவனாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆக, பகல் முழுக்க அவளுக்கு அந்த வீடுதான். கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் ஒரு துண்டும், அதற்கு மேலே மலைக்கோட்டையின் மொட்டைப் பாறையும் தெரியும். மத்தியானம் வெயில் ஏறினால் தெரு செத்துவிடும். தூரத்தில் ஒரு ஜட்கா வண்டியின் மணி கேட்டுத் தேய்ந்து போகும். பிறகு கூடத்தில் மோட்டாரின் ரீங்காரமும், தண்ணீருக்குள் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடைகிற சத்தமும்தான். ஈரச் சிமெண்டும் பாசியும் கரியும் கலந்த வாடை கூடத்தை விட்டு நகராது. சில நாள் அவளே தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அடுத்த வாரம் தண்ணீர் மாற்றினாள். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வாளியில் இறக்கினாள். பானைத் தண்ணீரைச் சாய்க்கும்போது கை வழுக்கி மொத்தமாகக் கொட்டிவிட்டது. அடி மணல் கிளம்பித் தொட்டி முழுக்கக் கலங்கி, தெளிந்தபோது இரண்டு கண்ணாடியிலும் சந்தனம் பூசியதுபோல் வண்டல் படிந்திருந்தது. முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கீரை கடைந்து இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, பின்பக்கக் கண்ணாடியின் வண்டலில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

உள்ளங்கை அகலம். வட்டத்துக்குள் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பனி படிந்த ஜன்னலை வெளியே பார்ப்பதற்காகக் கையால் துடைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

வட்டத்துக்கு அப்பால் கறுப்பாக இருந்தது. வள்ளி அசையாமல் நின்றாள். கறுப்பும் அசையவில்லை.

மீன் உரசியிருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலையில் நல்லுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடி முழுவதும் சுத்தமாக இருந்தது. நாலு மூலையும் உட்பட.

அவள் முக்காலியை இழுத்து, முதுகைத் தொட்டிக்குக் காட்டி உட்காரப் பழகினாள். அது இன்னும் மோசம். முதுகு முழுக்க ஈரமாகிற மாதிரி இருந்தது. தொட்டி கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தால் இருட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருக்க இருக்க அந்த இருட்டும் பக்கத்தில் வந்தது. முன்பெல்லாம் ஏதோ கறுப்புத் துணி மாட்டியிருப்பதுபோல் இருந்த அறைக்கு இப்போது ஆழம் தெரிந்தது. எதிர்ச் சுவர் ஒன்று இருப்பது தெரிந்தது. அதில் சாய்த்து வைத்த கட்டில் ஒன்றின் கால்கள் தெரிந்தன.

பஞ்சு அலச வேண்டிய நாள் வந்தது. வெயில் உச்சியில் இருந்த நேரம். பலகையைத் தூக்கி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையை விட்டாள். தண்ணீர் கூடத்து வெப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் குளிர்ந்திருந்தது. வடிகட்டிப் பெட்டியைத் தடவிப் பஞ்சின் ஓரத்தைப் பிடித்தபோது, மீன்கள் எல்லாம் சட்டென்று முன்பக்கக் கண்ணாடியோடு வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்றின்மேல் ஒன்றாக. வால்கூட ஆடாமல்.

அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

பின்பக்கத்தில், மேலிருந்து, வெள்ளையாக ஏதோ தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உரித்த வாழைத்தண்டின் வெள்ளை. முதலில் அதை ஏதோ வேர் என்று நினைத்தாள். பிறகு அதன் நுனி விரிந்தது. ஐந்து விரல்கள். அவை பின்பக்கக் கண்ணாடியின்மேல் படிந்து துடைக்க ஆரம்பித்தன. அவசரமே இல்லை. மேலிருந்து கீழ். ஓரம். மூலைக்கு வந்ததும் கட்டை விரலை மட்டும் செலுத்தி ஒரு சுழற்று. வேலை தெரிந்த கை.

பிறகு அது நின்றது. அவள் பக்கம் திரும்பியது.

மணல்மேல் அது வர ஆரம்பித்தது. மணிக்கட்டு வந்தது. முன்கை வந்தது. இன்னும் முன்கை வந்தது. சுவரின் அடியில் நுழைந்து, இந்தப் பக்கம் எட்டிய பிறகும் முழங்கை வரவில்லை. வள்ளி கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். தோளிலிருந்து கீழே கை அவளுடையதாகவே இல்லை. குளிர்ந்த விரல்கள் வந்து அவள் விரல்களைத் தொட்டன. வளையல்காரர் அளவு பார்ப்பதற்குக் கையைக் குவித்து அமுக்கிப் பார்ப்பாரே, அப்படி ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தன. உள்ளங்கையை ஒருமுறை தடவின. விட்டன.

அவள் மல்லாந்து விழுந்தாள். எழுந்து ஓடி வாசல் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். வெளியே பூட்டு நாதாங்கியில் மோதி டங், டங் என்றது. கத்தினாள். தெருவில் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நல்லுசாமி வருகிறவரை அந்தக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, நான் கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வாரனுங்க" என்றாள் சாப்பாடு போடும்போது.

அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். "அங்க யாரு இருக்கா?"

"எங்கம்மா இருக்குதுங்க. வேற யாரு?"

"அதத்தான் நானும் கேக்கேன்." மறுநாள் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

வள்ளிக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தண்ணீர் சுத்தமாக இருப்பதால்தானே தெரிகிறது? மோட்டாரை நிறுத்தினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஒரு சொம்பு எடுத்து வந்து தொட்டியில் ஊற்றினாள். மூன்றாம் நாள் தண்ணீர் மோர்போல ஆயிற்று. அதற்கப்புறம் பச்சையேறியது. பின்பக்கக் கண்ணாடி மறைந்தது, கட்டில் கால்கள் மறைந்தன, மீன்களும் மறைந்தன. அழுகல் வாடைதான் தாங்கவில்லை. ஆனால் அந்த வாடையில்தான் அவள் அன்றைக்குக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

நல்லுசாமி கொதித்தான். "என்ன புள்ள இது, சாக்கடையாட்டம்? மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது! ஈஸ்டருக்கு சூசைராஜ் வாராரு. இந்தக் கோலத்துல பாத்தா நம்மள வெளிய தள்ளிருவாரு. நாளைக்கு நான் வாரப்ப தண்ணி பளிங்கா இருக்கணும், சொல்லிட்டேன்."

அவள் சரியென்று தலையாட்டினாள். மறுநாள் தொட்டியின் பக்கமே போகவில்லை. அடுப்படியில் முந்தானையை விரித்துப் படுத்தாள். எப்போது தூங்கினாளோ, விழித்தபோது ரீங்காரம் கேட்டது.

அவள் நிறுத்தி வைத்திருந்த மோட்டார்.

கூடத்துக்கு வந்தாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு திட்டு இல்லை. தொட்டியில் தண்ணீரே இல்லாமல் மீன்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. கூடத்துப் பக்கத்துப் பலகை திறந்திருந்தது. அதன் விளிம்பில் வடிகட்டிப் பஞ்சு, அலசி, முறுக்கிப் பிழிந்து, காயவைப்பதற்குத் தோதாக உதறி விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் சின்னதாக ஈரம்.

ஜன்னலில் யாரோ கூப்பிட்டார்கள். வள்ளிக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு கமர்ஜஹான். கம்பி வழியாக முருங்கைக்கீரையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா வள்ளி, மத்தியானம் ஆச்சுன்னா அந்தப் பின் ரூம்புல உக்காந்து என்னதான் கழுவுற? எங்க சமையக்கட்டுச் சுவரு அதை ஒட்டித்தானே இருக்கு. தண்ணி அள்ளுற சத்தமும் துணி பிழியிற சத்தமும் ஓயவே மாட்டேங்குது."

வள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ரூம்பு பூட்டிக் கெடக்குதுங்க. நான் அதுக்குள்ள போனதே இல்லீங்க."

"விளையாடாத. இப்பக்கூட சுவத்தைத் தட்டி, வள்ளி, கீரை வேணுமான்னு கேட்டேன். நீயும் பதிலுக்குத் தட்டுனியே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கமர்ஜஹானின் முகம் மெல்ல மாறியது. "யா அல்லா" என்றாள் வாய்க்குள்.

"அக்கா, யாரையாச்சும் கூட்டியாந்து இந்தப் பூட்ட ஒடைக்கச் சொல்லுங்க. உங்க கால்ல வேணாலும் விழறனுங்க."

"உங்க வீட்டுக்காரரு இல்லாதப்ப வந்து பூட்டை உடைச்சா, நாளைக்கு உன்னையத்தான் நாலு விதமா பேசுவாங்கம்மா. அவரு வரட்டும். வந்ததும் வெளிப்படையா சொல்லிரு. மறைக்காத." கீரையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள்.

நல்லுசாமி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். சைக்கிளை நிறுத்தி, கதவைத் திறந்து, வழக்கம்போல் பூட்டையும் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"பின்னறையில ஆளு இருக்குதுங்க."

அவன் நிமிர்ந்தான். அவள் நினைத்ததுபோல் அவன் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. தாடை இறுகியது.

"ஆம்பளையா?"

"தெரியிலீங்க. கை மட்டுந்தான் பாத்தேன். தொட்டிக்குள்ள..."

"கையி." அவன் தொட்டியைப் பார்த்தான். பளிங்காக இருந்த தண்ணீரைப் பார்த்தான். விளிம்பில் காய்ந்த பஞ்சைப் பார்த்தான். "நான் போனதும் வாரான். நான் வாரதுக்கு முன்னாடி அதுக்குள்ள பூந்துக்கிறான். அப்படித்தான?"

"ஐயோ, அப்படி இல்லீங்க! சாமி சத்தியமா..."

அவன் கேட்கவில்லை. பூட்டைத் தரையில் போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து கடப்பாரையையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்க நடைக்குப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். சூசைராஜின் பழைய பூட்டு நாலாவது அடியில் தெறித்து விழுந்தது. நல்லுசாமி கதவை உதைத்துத் திறந்து, டார்ச் லைட்டை அடித்தான்.

உள்ளே யாரும் இல்லை. சாய்த்து வைத்த கட்டில், கொக்கியில் ஒரு காலிச் சாக்கு. வெளிப்பக்க ஜன்னல் பலகை வைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தது. தரையில் புழுதி, பிசைந்து வைத்த மாவுபோல ஒரே கனமாக, ஒரு தடம்கூட இல்லாமல் கிடந்தது. நல்லுசாமி அதன்மேல் நடந்து உள்ளே போனான். அவன் காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாக அதில் விழுந்தன. மூலை மூலையாக வெளிச்சம் அடித்தான். கட்டிலைப் புரட்டினான். அவன் தோள்கள் தளர்ந்தன. அண்ணன் பெண்டாட்டி போன நாளிலிருந்து அவன் சுமந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் இறங்கியதுபோல் வள்ளிக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்ல புள்ள" என்றான், பழைய குரலில். "பயந்துட்டியா? தனியாக் கெடந்து கெடந்து உனக்குக் கண்ணு கட்டிப்போச்சு. தப்பு எம்மேலதான். நாளையிலருந்து பூட்டல. போதுமா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ கூடத்துல போயி நின்னு பாரு. நான் இங்கிட்டிருந்து கையாட்டுறேன். என்னயப் பாத்தாத்தான் உனக்குத் தெளியும்."

"வேண்டாமுங்க. வெளிய வாங்க."

"அட, போ புள்ள."

அவள் கூடத்துக்குப் போனாள். தொட்டியின் முன்னால் நின்றாள். தண்ணீருக்கு அப்பால் பின்னறை முழுக்க டார்ச் வெளிச்சம். அதன் நடுவே நல்லுசாமியின் முகம், குனிந்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. கையை ஆட்டினான். பலகையைத் தூக்கினான். விரல்களைத் தண்ணீருக்குள் விட்டு, குளிருது என்பதுபோல் உடம்பைச் சிலிர்த்துக் காட்டினான். வள்ளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பல நாளுக்குப் பிறகு.

பின்பக்க நடையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாதாங்கி விழுந்தது. பூட்டு ஒன்று மாட்டப்படுகிற கிளிக்.

காலடி. நிதானமாக.

நல்லுசாமி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணும் இல்ல புள்ள" என்றான்.

வள்ளி திரும்பவில்லை. அவள் கண்கள் கண்ணாடியில் இருந்தன. தண்ணீருக்கு அப்பால் டார்ச் வெளிச்சம் அப்படியே இருந்தது. அதன் நடுவே நல்லுசாமியின் முகமும் அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் வாயைத் திறந்தான். கண்ணாடியில் அறைந்தான். மறுபடி. மறுபடி. சத்தம் வரவில்லை. மோட்டாரின் ரீங்காரம் மட்டும்.

வள்ளி பின்பக்க நடைக்கு ஓடினாள். பின்னறைக் கதவில் வாசல் பூட்டு தொங்கியது. பனங்காய் கனம். பிடித்து இழுத்தாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரு அசைவு இல்லை. யாரும் இல்லாத அறையின் அமைதி. "ஏனுங்க!" என்று கத்தினாள். "ஏனுங்க!"

"என்ன புள்ள?" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

அவள் திரும்பி வந்தாள். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. தெருவிளக்கு தெரிந்தது. யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நாலு எட்டு வைத்தால் தெரு.

அவள் போகவில்லை. தொட்டியைப் பார்த்தாள்.

வந்தவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அரைஞாணில் சாவிகள். முழங்கால்மேல் கைகள். ரொம்ப நாள் தண்ணீரில் ஊறிய கைகள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகம் மெத்தென்று இருந்தது. கண்கொட்டாமல் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கமிருந்து பாத்தா எம்புட்டு நல்லாருக்கு" என்றான்.

தண்ணீருக்கு அப்பால் நல்லுசாமி அறைவதை நிறுத்திவிட்டான். டார்ச் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அவன் பலகையைத் தள்ளி, கையைத் தண்ணீருக்குள் விட்டான். தோள்வரை. கன்னம் விளிம்பில் நசுங்க. விரல்களை விரித்து அவள் பக்கம் நீட்டினான்.

வள்ளி பலகையைத் தூக்கினாள். முக்காலியில் இருந்தவன் தடுக்கவில்லை. கையை விட்டாள். வடிகட்டிப் பெட்டியைத் தாண்டி, சுவருக்கு அடியில், தோள் இடிக்கிறவரை. புடவை நனைந்தது. தாடை தண்ணீரில் பட்டது. இன்னும் நீட்டினாள்.

ஒரு முழம் இருந்தது இடையில். தெளிந்த தண்ணீர் ஒரு முழம். அந்தப் பக்கம் அவன் விரல்கள், இந்தப் பக்கம் அவள் விரல்கள், நடுவே ஒரு தங்கமீன் அசையாமல். டார்ச் வெளிச்சம் பழுப்பாகி, சிவந்து, சுருங்கியது. அவன் விரல்கள் இன்னும் விரிந்தே இருந்தன.

அவள் பிடரியில் ஈரமான விரல்கள் வந்து படிந்தன. ஒவ்வொன்றாக.